அழிவா, அழிப்பா?
ஹெரேரோ, நாமா மக்களின் வரலாறும் பாடநூல் தொடர்களும்

தமிழில் ‘அழி’ என்னும் வினையடி இருவகையாக இறந்தகாலம் காட்டும். ‘அழிந்தனர்’ என்றால் வினையின் விளைவு எழுவாயையே சாரும். ‘அழித்தனர்’ என்றால் எழுவாய் வினையைச் செய்கிறது. விளைவு பிறரைச் சாரும். மரபிலக்கணம் தன்வினை, பிறவினை என்று கூறிய இவ்வேறுபாட்டைக் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை என்னும் பெயர்களால் விளக்கினார். ‘ஒழிந்தனர் – ஒழித்தனர்’, ‘மறைந்தனர் – மறைத்தனர்’ ஆகிய இணைகளும் இத்தகையனவே. வடிவ அளவில் நகர மெய்க்கும் தகர மெய்க்கும் இடைப்பட்ட வேறுபாடுதான். ஒரு மக்களினத்துக்கு நேர்ந்ததைப் பள்ளி மாணவனுக்கு எடுத்துரைக்கும்போது இந்த ஒரு மெய் எவ்வளவு பொருளைத் தாங்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. இன்றைய நமீபியாவில், அந்நாடு ‘ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா’ என்னும் பெயரில் ஜெர்மனியின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களுக்கு நிகழ்ந்தவை இங்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

இச்சான்றைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பள்ளித் துணைப்பாட நூல் ஒன்றின் ஆப்பிரிக்கப் பகுதியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணி இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. நமீபியாவைப் பற்றி அதில் இருந்தவை இரண்டே தொடர்கள். அவற்றைப் பின்வருமாறு பெயர்த்தேன்: ‘1904-இல் எழுந்த ஹெரேரோக் கலகம் அடக்கப்பட்டது. ஹெரேரோ மக்களுள் பெரும்பாலோர் பாலைவனத்தில் நீரின்றி மடிந்தனர்.’ மூலத்துக்கு இம்மொழிபெயர்ப்பு முற்றிலும் பொருந்தியது. மேற்பார்வையாளரும் குறை காணவில்லை. நூல் அச்சேறிய பின்னரே, வேறொரு பணிக்காக அக்கால ஆவணங்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, அவ்விரு தொடர்களில் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது விளங்கிற்று.

நிகழ்ந்தவை

ஹெரேரோ மக்கள் கால்நடை வளர்ப்போர். 1897-இல் பரவிய மாட்டம்மை நோய் அவர்களுடைய மந்தைகளின் பெரும்பகுதியைக் கொன்றது. வணிகர்கள் கடன் கொடுத்து, அக்கடனுக்கு ஈடாக மாடுகளையும் நிலத்தையும் கைப்பற்றினர். குடியேறிகளின் எண்ணிக்கை பெருகியது. 1904 ஜனவரியில் ஹெரேரோத் தலைவர் சாமுவேல் மஹரேரோவின் கீழ்ப் போர் தொடங்கியது. முதற் கட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஜெர்மானியர் கொல்லப்பட்டனர். ஜெர்மானியப் பேரரசு தளபதி லோட்டார் ஃபொன் டுரோட்டாவை அனுப்பிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று வாட்டர்பெர்க் மலையடிவாரத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. தோற்ற ஹெரேரோக்கள் மனைவி மக்களோடும் மாடுகளோடும் கிழக்கே ஒமஹெக்கே என்னும் வறண்ட நிலப்பகுதிக்குள் சென்றனர். படை பின்தொடர்ந்து விரட்டியது, நீர்நிலைகளைக் கைப்பற்றியது, திரும்பி வர முயன்றோரைத் தடுக்கும் வகையில் காவல் நிறுத்தியது.

தெற்கே நாமா மக்கள் 1904 அக்டோபரில் ஹென்றிக் விட்போயின் தலைமையில் போரில் இறங்கினர். பிடிபட்ட இரு மக்களும் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம்களைக் குறிக்க 1904 டிசம்பரில் ஜெர்மன் தலைமையமைச்சர் பியூலோ பயன்படுத்திய சொல், பின்னாளில் உலகமறிந்த ‘வதைமுகாம்’ என்பதற்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் அதே சொல்லாகும். லூடரிட்ஸ் துறைமுகத்தை ஒட்டிய சுறாத் தீவு முகாம் இவற்றுள் மிகக் கொடியது. போருக்கு முந்திய மக்கள்தொகைக்கு மதிப்பீடுகளே உள்ளன, அவை வேறுபடுகின்றன. ஹெரேரோக்கள் 80,000 பேர் வரை, நாமாக்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்பது பெரிதும் வழங்கும் மதிப்பீடு. 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஹெரேரோக்கள் ஏறத்தாழ 15,000 பேரும் நாமாக்கள் 10,000-க்குச் சற்றுக் குறைவானவர்களும் இருந்தனர்.

ஆணையும் அதன் மொழிபெயர்ப்பும்

1904 அக்டோபர் 2 அன்று டுரோட்டா விடுத்த ஆணை, மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஆவணம். ஹெரேரோக்கள் இனி ஜெர்மன் குடிகள் அல்லர். அவர்கள் நாட்டைவிட்டு நீங்கவேண்டும். ஜெர்மன் எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ, துப்பாக்கி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மாடு வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடப்படுவான். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்கமாட்டேன் என்பது அதன் சாரம். தளபதி தன்னைப் பற்றிக் கூறும் தொடர்களில் தன்மை ஒருமை முழங்குகிறது. சுடுதலைப் பற்றிய தொடரிலோ ஜெர்மன் மூலம் செயப்பாட்டு வினைக்கு மாறுகிறது. சுடுபவன் யாரென்று அத்தொடரில் இல்லை. ஆணையிடும் மொழிகளில் இது இயல்பான வழக்கென்று கூறலாம். ஆயினும் தன்னை இத்துணை வெளிப்படையாக முன்னிறுத்திய ஒருவர் அந்த ஓரிடத்தில் இலக்கணத்துக்குள் மறைந்துகொள்வது கவனத்துக்குரியது.

இவ்வாணை ஹெரேரோ மொழியில் பெயர்க்கப்பட்டது. அன்று பிடிபட்டிருந்த ஹெரேரோக்களில் சிலரைத் தூக்கிலிட்டு, அதைக் காணச் செய்யப்பட்ட ஏறத்தாழ முப்பது பேருக்கு, பெண்களும் சிறுவரும் உட்பட, அவர்களுடைய மொழியிலேயே ஆணை படிக்கப்பட்டது, படிகளும் கொடுக்கப்பட்டன. பின்னர் அவர்கள் பாலை நோக்கித் துரத்தப்பட்டனர். ஹெரேரோ மொழிக்கு எழுத்து வடிவமும் இலக்கணமும் அகராதியும் 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர்களின் உழைப்பால் அமைந்தவை. விவிலியத்துக்கென உருவான அவ்வெழுத்தில் இத்தகைய ஆணையும் எழுதப்பட்டது. நம் துறையின் வரலாற்றில் இதற்கும் ஓரிடம் உண்டு. மொழியியல் வகுப்புகளில் அதை நாம் பேசுவதில்லை.

அதே வாரத்தில் தலைமைத் தளபதி ஷ்லீஃபனுக்கு எழுதிய மடலில், அவ்வினம் இனமாகவே ஒழிக்கப்பட வேண்டும் என்னும் கருத்தை டுரோட்டா ஒளிவின்றிக் கூறுகிறார். எனவே நோக்கம் பற்றிய ஐயத்துக்கு இடமில்லை. ஐயம் பின்னர் உருவாக்கப்பட்டது.

பாலைவனம் எழுவாயாதல்

ஐயம் உருவான முறையில் இலக்கணத்துக்குப் பங்குண்டு. ஜெர்மன் தலைமைப் படைத்துறை இப்போரின் வரலாற்றை 1906 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. ஹெரேரோ இனத்தை ஒழிக்கும் வேலையைப் படைக்கலங்கள் தொடங்கின. நீரற்ற ஒமஹெக்கே அதை முடித்துவைக்க வேண்டியதாயிற்று என்னும் பொருள்பட அதில் ஒரு தொடர் உண்டு. ஒழித்தல் என்னும் சொல்லை அவ்வரலாறு மறைக்கவில்லை; பெருமிதத்தோடே கூறுகிறது. ஆனால் எழுவாயாக வருபவை படைக்கலங்களும் பாலைவனமும். நீர்நிலைகளை மறித்து நின்ற வீரர் அத்தொடரில் இல்லை.

பிற்காலப் பாடநூல்களின் போக்கு இத்தொடரிலிருந்து ஒரே எட்டில் விளைந்தது. ஒழித்தல் என்னும் சொல் கைவிடப்பட்டது. பாலைவனம் மட்டும் நின்றது. ‘நீரின்றி மடிந்தனர்’ என்று நான் எழுதியது அவ்வழியின் கடைசிக் கண்ணி. படைத்துறை வரலாற்றை நான் அப்போது கண்ணால் கண்டதில்லை. ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் வந்தது செய்தி மட்டுமன்று. எழுவாய் இன்மையும் உடன் வந்தது.

‘மடிந்தனர்’, ‘மாண்டனர்’, ‘இறந்தனர்’ ஆகிய அனைத்தும் இயங்குவினைகள். ‘கொல்லப்பட்டனர்’ என்னும் செயப்பாட்டு வினை ஒருபடி மேலானது. கொன்றவர் ஒருவர் உண்டு என்பதையேனும் அது உணர்த்தும். ‘அடக்கப்பட்டது’ என்பதில் நிலைமை வேறு. அங்கு அடக்கியவரைச் சொல்லாமலே மாணவன் அரசு என்று ஊகித்துக்கொள்கிறான். அந்த ஊகத்தோடு நியாயமும் சேர்ந்துவிடுகிறது.

பள்ளிக்கூடம்

ஜெர்மானியச் சிறுவர்கள் இவ்வரலாற்றை முதலில் அறிந்தது பாடநூலைவிடக் கதைநூலின் வாயிலாகவே எனலாம். குஸ்டாஃப் ஃபிரென்சன் எழுதிய ‘பேட்டர் மோரின் தென்மேற்குப் பயணம்’ என்னும் புதினம் 1906-இல் வெளிவந்தது. இளம் வீரன் ஒருவன் தன் அனுபவத்தைக் கூறுவதாக அமைந்த இந்நூல் பள்ளி மாணவரிடையே நெடுங்காலம் பரவியிருந்தது. 1908-இல் ஆங்கிலத்திலும் வந்தது. கறுப்பர்கள் சாவுக்குரியவர்களானது அவர்கள் வெள்ளையரைக் கொன்றதனால் அன்று, வீடு கட்டாமலும் கிணறு தோண்டாமலும் இருந்ததனால்தான் என்று விளக்கும் பாத்திரம் ஒன்று அதில் வருகிறது. பாலையில் சென்ற ஜெர்மன் காவற்படையினரோ, நீர் தேடி மக்கள் பல அடி ஆழத்துக்குத் தோண்டிய வறண்ட குழிகளையும் அவற்றைச் சுற்றிக் கிடந்த எலும்புகளையும் கண்டதாகப் பதிவு செய்துள்ளனர். கிணறு தோண்டாதவர்கள் என்று படித்த மாணவனுக்கு அக்குழிகளைப் பற்றி எவரும் சொல்லவில்லை.

முதல் உலகப் போரின்போது, 1915-இல், தென்னாப்பிரிக்கப் படை அந்நாட்டைக் கைப்பற்றிற்று. ஜெர்மன் ஆட்சியில் அங்குள்ள மக்கள் நடத்தப்பட்ட விதம் பற்றி 1918-இல் ‘நீல நூல்’ எனப்படும் அரசு அறிக்கை வெளியிடப்பட்டது. உயிர் தப்பியவர்களின் சத்தியவாக்குமூலங்கள் அதில் உள்ளன. குடியேற்ற நாடுகளை ஜெர்மனியிடமிருந்து பறிப்பதற்கு நியாயம் தேடவே பிரித்தானியத் தரப்பு அதைத் தொகுத்தது என்பதில் ஐயமில்லை. நோக்கம் தன்னலமானது, வாக்குமூலங்கள் பொய்யல்ல. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும் என்பதை ஏற்க இரு தரப்பிலும் ஆளில்லை. ஜெர்மனியில் 1920-களில் ‘குடியேற்றப் பழிப்பொய்’ என்றொரு தொடர் எழுந்து வழங்கிற்று. பழைய ஆளுநர் ஒருவரின் நூல் தலைப்பாக 1924-இல் அது நிலைபெற்றது. ஆப்பிரிக்காவிலோ, வெள்ளையரிடையே இணக்கம் காணும் பொருட்டு, நீல நூலின் படிகளைத் திரும்பப் பெற்று அழிக்க 1926-இல் விண்ட்ஹூக் சட்டமன்றம் முடிவு செய்தது. குறிப்புரையுடன் கூடிய மறுபதிப்பு வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் நமீபியப் பள்ளிகள் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் கீழ் இருந்தன. 1966-இல் கிழக்கு ஜெர்மானிய வரலாற்றறிஞர் ஹோர்ஸ்ட் டிரெக்ஸ்லர் போட்ஸ்டாம் ஆவணங்களைக் கொண்டு எழுதிய ஆய்வுநூல் வந்த பின்னரே ஆய்வுலகில் திருப்பம் ஏற்பட்டது. பள்ளி வகுப்பறைக்கு அத்திருப்பம் எட்டுவதற்கு 1990 மார்ச் 21 அன்று கிடைத்த விடுதலை தேவைப்பட்டது.

பள்ளி மறந்ததை மக்கள் மறக்கவில்லை. 1923-இல் மஹரேரோவின் உடல் ஒக்கஹண்டியாவில் அடக்கம் செய்யப்பட்டது முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஹெரேரோக்கள் அங்கு அணிவகுத்துச் செல்கின்றனர். இடங்களையும் முன்னோரையும் போற்றும் ‘ஓமித்தாண்டு’ எனப்படும் வாய்மொழிப் பாடல்கள் ஊர்ப்பெயர்களோடு நிகழ்ச்சிகளைக் கட்டிவைத்துள்ளன. நாமாத் தலைவர் விட்போய் கேப் டச்சு மொழியில் எழுதிவைத்த கடித ஏடுகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. எழுத்தறியா மக்களின் எழுச்சி என்று எழுதியவர்கள், எதிர்த்தரப்பில் ஒருவர் கடிதங்களைப் படியெடுத்துக் கோத்து வைத்திருந்ததை அறியவில்லை. அறிந்தும் பொருட்படுத்தாமல் இருந்திருக்கலாம்.

பெயர்கள்

‘கலகம்’ என்னும் சொல்லை இனி நோக்கலாம். கலகம் என்ற உடனேயே முறையான ஆட்சி ஒன்று முன்னரே இருந்தது என்னும் முற்கோள் வந்துவிடுகிறது. ஹெரேரோத் தலைவர்கள் ஜெர்மனியுடன் செய்துகொண்டவை ‘பாதுகாப்பு’ ஒப்பந்தங்கள். ஒப்பந்தம் செய்த ஒருவன் கலகக்காரன் ஆகவேண்டுமாயின் முதலில் அவன் குடிமகன் ஆகவேண்டும். டுரோட்டாவின் ஆணையோ அவர்கள் குடிமக்கள் அல்லர் என்கிறது. குடிகள் என்பதால் கலகக்காரர். கலகக்காரர் என்பதால் குடிகள் அல்லர். குடிகள் அல்லர் என்பதால் சுடத்தக்கவர். இவ்வட்டத்தை எந்தப் பாடநூலும் மாணவனுக்குக் காட்டுவதில்லை.

இச்சொல்லின் வேலையை அறியத் தமிழ் வாசகர் ஆப்பிரிக்கா செல்லவேண்டியதில்லை. 1857 நிகழ்ச்சிகளைச் ‘சிப்பாய்க் கலகம்’ என்றும் 1806 வேலூர் நிகழ்ச்சியை ‘வேலூர்க் கலகம்’ என்றும் நம்மில் பலர் பயின்றோம். இன்று ‘வேலூர்ப் புரட்சி’ என்பது பரவலாக வழங்குகிறது. 1857-க்கு ‘முதல் விடுதலைப் போர்’ என்ற பெயரும் உண்டு. நம்முடைய வரலாற்றில் ‘கலகம்’ என்னும் சொல்லைத் திருத்திக்கொண்ட நாம், பிறர் வரலாற்றை மொழிபெயர்க்கும்போது அதே சொல்லைக் கூச்சமின்றி எடுத்துக் கையாள்கிறோம். இக்கட்டுரையாளரும் இதற்கு விலக்கல்லர் என்பது முன்னரே கூறப்பட்டது.

நாமா மக்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுடைய மொழியின் சொடுக்கொலிகளை ஏளனம் செய்து எழுந்ததாகப் பொதுவில் கருதப்படும் ‘ஹாட்டன்டாட்’ என்னும் பெயர், மொழிக்குடும்பங்களின் பட்டியலில் நெடுங்காலம் கலைச்சொல்லாகவே இருந்தது. 1907-இல் ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் அப்பெயரே வழங்கியது. போருக்கான செலவு மறுக்கப்பட்டதால் வந்த தேர்தல் அது. மொழியியலார் தம் பட்டியலைத் திருத்தி ‘கொய்கொய்’ என்று எழுதத் தொடங்கியது பிற்பாடுதான். பழைய நூல்கள் நம் நூலகங்களில் இன்னும் உள்ளன.

இனப்படுகொலையா, இன அழிப்பா?

ரஃபேல் லெம்கின் முதலில் மொழிநூல் பயின்று பின்னர்ச் சட்டம் கற்றவர். 1944-இல் கிரேக்கப் பகுதியையும் இலத்தீன் பகுதியையும் ஒட்டி ‘ஜெனோசைடு’ என்னும் சொல்லை ஆக்கினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் பேரவை ஏற்ற உடன்படிக்கை அச்சொல்லின்கீழ் ஐந்து செயல்களைக் கூறுகிறது: கொல்லுதல், உடலுக்கோ மனத்துக்கோ கடுந்தீங்கு செய்தல், அழிவை விளைவிக்கும் வாழ்நிலைமைகளைத் திட்டமிட்டுச் சுமத்துதல், பிறப்பைத் தடுத்தல், பிள்ளைகளை வலிந்து வேறு குழுவுக்கு மாற்றுதல். ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இவற்றுக்குப் பொதுவானது.

தமிழில் ‘இனப்படுகொலை’ பெருவழக்கு. ‘இன அழிப்பு’, ‘இனவழிப்பு’ என்பனவும் வழங்குகின்றன; இலங்கைத் தமிழ் எழுத்தில் ‘இனவழிப்பு’ மிகுதி. ‘இன அழிவு’ என்றும் சிலர் எழுதுகின்றனர். கொடுமையின் அழுத்தத்தை ‘இனப்படுகொலை’ நன்கு தருகிறது. ஆனால் உடன்படிக்கையின் ஐந்தனுள் முதலாவதை மட்டுமே சொல் நேராகச் சுட்டுகிறது. நீர்நிலையை மறித்தல், முகாமில் பட்டினியிடல், 1905-லும் 1907-லும் நடந்ததுபோல் நிலத்தையும் மந்தையையும் முழுவதுமாகப் பறிமுதல் செய்தல் ஆகியவற்றை அச்சொல்லிலிருந்து மாணவன் ஊகிக்கமாட்டான். ‘பாலையில் நீரின்றி இறந்தது படுகொலை ஆகுமா?’ என்று ஒரு மாணவன் கேட்டால், சொல்லே அவனுக்கு அவ்வினாவை எழுப்பிக் கொடுத்தது என்றுதான் கூறவேண்டும்.

‘அழிவு’, ‘அழிப்பு’ இரண்டனுள் தேர்வு எளிது. ‘மறைவு – மறைப்பு’, ‘ஒழிவு – ஒழிப்பு’ ஆகியவற்றைப் போலவே இங்கும் வுகர ஈறு இயங்குவினையோடும் ப்புகர ஈறு இயக்குவினையோடும் சேர்கின்றன. (இது எல்லா வினைகளுக்கும் உரிய விதியன்று, ‘இறப்பு’, ‘பிறப்பு’ என்பன இயங்குவினைப் பெயர்களே.) ‘இன அழிவு’ என்பதில் செய்தவர் இல்லை, மொழி அழிவு, காடு அழிவு போல இயற்கை நிகழ்வாகத் தோன்றும். ‘இன அழிப்பு’ என்பது செய்தவரையும் நோக்கத்தையும் உள்ளடக்கி நிற்கிறது. கொலையல்லாத வழிகளுக்கும் இடம் தருகிறது. சட்டப் பொருளில் எழுதும் இடங்களிலேனும் இதுவே பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வழக்கில் வேரூன்றிய ‘இனப்படுகொலை’யை விலக்கவேண்டும் என்பதன்று.

‘இன்றைய நோக்கில்’

2004 ஆகஸ்டில், வாட்டர்பெர்க் போரின் நூற்றாண்டு நிகழ்ச்சியில், ஜெர்மன் வளர்ச்சித்துறை அமைச்சர் ஹைடமாரி வீச்சொரெக்-சொய்ல், அன்று நடந்தவை இன்று இன அழிப்பு என்று அழைக்கப்படும் என்று கூறி மன்னிப்பு வேண்டினார். 2015-இல் ஜெர்மன் நாடாளுமன்றத் தலைவர் லாமர்ட் அச்சொல்லையே நேரடியாகப் பயன்படுத்தினார். 2021 மே 28 அன்று வெளியுறவு அமைச்சர் ஹைக்கோ மாஸ் அரசின் சார்பில் அதை ஏற்றார். ஆனால் இரு அரசுகளும் உருவாக்கிய கூட்டறிக்கையில் ‘இன்றைய நோக்கில்’ என்னும் அடை உள்ளது. வினையும் நிபந்தனை வடிவில் உள்ளது. முப்பது ஆண்டுகளில் 110 கோடி யூரோ வழங்குவதாகக் கூறிய அவ்வறிக்கை ‘இழப்பீடு’ என்னும் சொல்லைத் தவிர்த்தது. பேச்சுவார்த்தையில் தமக்குரிய இடம் தரப்படவில்லை என்று ஹெரேரோ, நாமா மரபுத் தலைமைகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

அந்த அடைக்குச் சட்டக் காரணம் உண்டு. 1948 உடன்படிக்கை பின்னோக்கிச் செல்லாது என்பது ஜெர்மன் அரசின் நிலை. நீதிமன்றத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். வகுப்பறைக்குள் அதே அடை வரும்போது வேறு பொருள் தருகிறது: அக்காலத்தவர் இதைத் தவறென அறியவில்லை, நாம்தான் பிற்காலத்திலிருந்து நோக்கிக் குற்றம் காண்கிறோம் என்று மாணவன் கொள்வான். இது வரலாற்றுக்கு ஒவ்வாது. அந்த ஆணை கிறித்தவ நெறிக்கும் மனித நேயத்துக்கும் முரணானது என்று கைசரிடம் முறையிட்டவர் தலைமையமைச்சர் பியூலோ. 1904 டிசம்பரில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆகஸ்ட் பேபல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் அப்போரைக் கண்டித்துப் பேசினார். ‘இனங்களைக் கொல்லுதல்’ என்னும் பொருள்படும் ஜெர்மன் கூட்டுச்சொல் 19-ஆம் நூற்றாண்டிலேயே அம்மொழியில் வழங்கியது. சொல்லும் இருந்தது, சொன்னவர்களும் இருந்தனர். லெம்கினும் தம் அச்சேறாத குறிப்புகளில் ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர் நடந்துகொண்டதைத் தம் ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டார்.

திருத்திய பாடம்

துணைப்பாட நூலின் மறுபதிப்புக்குத் திருத்தம் அனுப்ப வாய்ப்புக் கிடைத்தபோது முதலில் ‘ஜெர்மானியர் அழித்தனர்’ என்று எழுதினேன். எழுதிய பின் பேபலும் ஜெர்மானியரே என்பது நினைவுக்கு வந்தது. எழுவாயை மறைப்பது ஒரு சாய்வு என்றால், எழுவாயை அளவுக்கு மீறி விரிப்பதும் சாய்வே. ஆகவே நான்கு தொடர்களாக மாற்றினேன்: ‘1904-இல் ஹெரேரோ மக்கள் தம் நிலத்துக்காக ஜெர்மன் குடியேற்ற ஆட்சியை எதிர்த்துப் போரிட்டனர். தளபதி டுரோட்டாவின் படை அவர்களை ஒமஹெக்கே பாலைக்குள் விரட்டி, நீர்நிலைகளை மறித்து, பல்லாயிரவரைக் கொன்றது. எஞ்சியோரையும் நாமா மக்களையும் முகாம்களில் அடைத்து அழித்தது. இது 20-ஆம் நூற்றாண்டின் முதல் இன அழிப்பு என வரலாற்றறிஞர் பலர் கூறுவர்.’

பக்கம் நீளும் என்ற தடை எழுந்தது. படத்தின் அளவைக் குறைத்து அது தீர்க்கப்பட்டது. ‘அழித்தது’ என்பதை ‘அழிந்தனர்’ என்று மாற்றலாமா என்று மெய்ப்புப் பார்த்தவர் கேட்டிருந்தார். பன்மை எழுவாய் இசைவுக்காகக் கேட்கப்பட்ட வினா அது. எழுவாய் ‘படை’ என்று எழுதி அனுப்பினேன். நான்கு தொடர்களும் அவ்வாறே அச்சாகியுள்ளன. அவற்றுக்கு மேலுள்ள துணைத் தலைப்பு மட்டும் இன்னும் ‘ஹெரேரோக் கலகம்’ என்றே இருக்கிறது. தலைப்புகள் பாடத்திட்டக் குழுவின் பொறுப்பில் உள்ளவை என்று விளக்கம் கிடைத்தது.